மீன்பிடிக்கு எந்த அரசு எவ்வளவு செலவழிக்கிறது? நாடுகளை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் பருத்தித்துறை மாமா ஒருவர் இருக்கிறார். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். இப்போது மகளோடு கொழும்பில். ஒரு நாள் பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, அங்கால இந்தியாவில அவையளுக்கு அரசாங்கம் எவ்வளவு குடுக்குது, இங்க எங்கட ஆக்களுக்கு எவ்வளவு குடுக்குது? ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ."

அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். இந்தியாவின் பெரிய மீன்வளத் திட்டத்தின் தொகை ஒரு பக்கம், நம் கடற்றொழில் அமைச்சின் ஒதுக்கீடு மறு பக்கம், வகுத்தால் விடை. அன்று மாலையே ஒரு விடையும் சொல்லிவிட்டேன். இரண்டு எண்களும் உண்மையானவைதான். விடைதான் பிழை. அதைத் திருத்த உட்கார்ந்தபோது வாரக்கணக்காகிவிட்டது. கட்டுரை எழுதும் மாணவர், செய்தி எழுதுபவர், கடற்றொழிலாளர் சங்கத்தில் மனு தயாரிப்பவர் யாராக இருந்தாலும், அந்த வாரங்களை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். அதற்குத்தான் இது.

முதல் படி: பணம் என்ன வேலை செய்கிறது என்று பிரியுங்கள்

மொத்தத் தொகையைத் தேடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். ஒரு அரசு மீன்பிடிக்குச் செலவழிக்கும் ரூபாய் ஒவ்வொன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எரிபொருள் மானியம், புதுப் படகுக்கு உதவி, எஞ்சினுக்கு உதவி, துறைமுகம் கட்டுவது எல்லாம் படகை இன்னும் தூரம், இன்னும் அதிக நாள் கடலுக்குள் தள்ளுகின்றன. ஆராய்ச்சி, கண்காணிப்பு, மீன் இனப்பெருக்கக் காலத்தில் தொழிலை நிறுத்துவது, பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி ஆகியவை மீனைக் காக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் சந்தேகமான ஒரு கூட்டம் உண்டு: படகைத் திரும்ப வாங்கும் திட்டங்கள், தொழிலாளருக்கான வாழ்வாதார உதவி, கிராம அபிவிருத்தி. நன்றாக வடிவமைத்தால் நன்மை, இல்லாவிட்டால் அந்தப் பணமே இன்னொரு படகாக மாறிவிடும்.

இந்த மூன்று வகைப் பிரிவு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருடமாகப் பயன்படுத்தி வருவது. அவர்களின் 2019 ஆய்வு, 2018இல் உலக அரசுகள் கடல் மீன்பிடிக்குத் தந்த மானியத்தை 35.4 பில்லியன் டொலர் என்று மதிப்பிட்டது. அதில் 22.2 பில்லியன் பிடிக்கும் திறனைக் கூட்டும் வகை. எரிபொருள் மட்டும் மொத்தத்தில் 22 சதவீதம். சீனா, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, தென் கொரியா, யப்பான் ஆகிய ஐந்தும் சேர்ந்து மொத்தத்தில் 58 சதவீதம்.

எக்ஸெல் தாளைத் திறக்கும்போதே இந்த மூன்று வகைக்கும் மூன்று நிரல் போட்டுவிடுங்கள். நாலாவதாக ஒரு நிரல், அது யாருக்குப் போகிறது என்பதற்கு: சிறு வள்ளக்காரருக்கா, பெரிய படகுக்காரருக்கா. அதே 2018 தரவை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில் சிறுதொழிலுக்குப் போனது ஏறக்குறைய 19 சதவீதம்தான் என்று வந்தது. மாமாவின் கேள்விக்கு இந்த நிரல் இல்லாமல் பதிலே இல்லை.

இரண்டாம் படி: வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

வெளிநாட்டு எண்களைத் தேடுவதற்கு முன், நமக்குத் தெரிந்த இலங்கைக் கணக்கை ஒழுங்காக எடுத்துப் பழக வேண்டும். இங்கே எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டால்தான் மற்ற நாட்டில் எங்கே தேடுவது என்று தெரியும்.

நிதி அமைச்சு வருடாந்த வரவு செலவுத் திட்ட மதிப்பீடுகளைத் தமிழிலும் வெளியிடுகிறது. கடற்றொழில் அமைச்சின் செலவினத் தலைப்பு 151, கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் தலைப்பு 290. இரண்டிலும் மீண்டெழும் செலவினம், மூலதனச் செலவினம் என்று இரு பகுதி இருக்கும். மீண்டெழும் பகுதியில் பெரும் பங்கு சம்பளமும் அலுவலகச் செலவும்தான். "அரசு கடற்றொழிலாளருக்குக் கொடுக்கிறது" என்று சொல்லும்போது அதைச் சேர்ப்பதா இல்லையா என்பதை முதலே முடிவு செய்து, எல்லா நாட்டுக்கும் அதே முடிவைப் பின்பற்றுங்கள். பரிசோதகரின் சம்பளம் உண்மையில் மீனைக் காக்கும் செலவு என்பது என் கருத்து. ஆகவே நான் சேர்ப்பேன், ஆனால் அது தனி வரியில் இருக்கும்.

மாளிகாவத்தையில் இருக்கும் அமைச்சோடு கணக்கு முடிந்துவிடாது. மட்டக்குளி காக்கைத்தீவில் ஆராய்ச்சிக்கு நாரா இருக்கிறது. மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனம், மீன்பிடிக் கூட்டுத்தாபனம், படகு கட்டும் சீநோர், நீருயிரின வளர்ப்புக்கு நக்டா என்று நிறுவனங்கள் உண்டு. இவற்றில் சில, பனிக்கட்டி, எரிபொருள், துறைமுகக் கட்டணம் என்று தாமே உழைப்பவை. அவற்றின் முழுச் செலவை எடுக்காதீர்கள். திறைசேரி அவற்றுக்குத் தந்த தொகையை மட்டும் எடுங்கள். கரையோரக் காவல் திணைக்களம் பாதுகாப்பு அமைச்சின் கீழ். மாகாண சபைகளுக்கும் கடற்றொழில் செலவு உண்டு.

கிழக்கில் இருக்கும் ஒலுவில் துறைமுகத்தை உதாரணமாகப் பாருங்கள். டென்மார்க் கடனில் அந்தத் துறைமுகத்தைக் கட்டியது துறைமுக அதிகாரசபை. 2013இல் திறந்தார்கள், பிறகு வாயிலை மணல் மூடியது. வணிகக் கப்பலுக்கென்று கட்டிய துறைமுகத்துக்குள்ளேயே மீன்பிடித் துறைமுகமும் இருந்ததால், கடற்றொழில் தலைப்பை மட்டும் படிப்பவர் கண்ணில் அந்தச் செலவு படாது. கிழக்குக் கடற்றொழிலாளர்களின் வாழ்க்கையை மாற்றிய பெரிய செலவுகளில் ஒன்று நம் தாளில் வராமலே போய்விடும்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஒதுக்கியது வேறு, செலவழித்தது வேறு. நடு வருடத்தில் குறைநிரப்பு மதிப்பீடு வரும், வெட்டும் வரும். இரண்டு வருடத்துக்குப் பிந்திய மதிப்பீட்டுப் புத்தகத்தைத் திறந்தால் உண்மையில் செலவான தொகை அதே வரிசையில் இருக்கும். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையிலும் இருக்கும். செலவான தொகையை மட்டுமே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கேள்வியைத் திட்டமாகக் கேளுங்கள்: எந்தத் தலைப்பு, எந்த வருடம், எந்த மாவட்டம்.

மூன்றாம் படி: புத்தகத்தில் எழுதாத மானியத்தைத் தேடுங்கள்

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஒப்பீடுகள் உடைகின்றன. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2022 ஆகஸ்ட் 21 வரை இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய். அந்த நேரம் டீசல் 430 ரூபாய். அன்று இரவு மண்ணெண்ணெயை 340 ரூபாயாக உயர்த்தினார்கள். சின்ன வள்ளங்களில் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. ஒரு நாளைக்கு 20 லீற்றர் எரிக்கும் வள்ளம் என்று வைத்துக்கொள்வோம். விலை வித்தியாசம் 253 ரூபாய், நாளுக்கு 5,060 ரூபாய். மாதத்தில் 20 நாள் தொழிலுக்குப் போனால் ஒரு லட்சத்துக்கு மேல்.

அந்த 87 ரூபாய்க் காலத்தில் இந்த வித்தியாசத்தைத் தாங்கியது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் கணக்கு. கடற்றொழில் அமைச்சின் தலைப்பில் அது மானியமாகப் பதிவாகவில்லை. பிறகு 2024 ஒக்டோபரில் லீற்றருக்கு 25 ரூபாய் மானியம் கொடுக்க முடிவானது. அது அரசாங்கத்தின் செலவாக வெளியே தெரியும். நம் வள்ளக்காரருக்கு அது நாளுக்கு 500 ரூபாய். அமைச்சின் புத்தகத்தை மட்டும் பார்ப்பவர் "முன்பு மானியம் இல்லை, இப்போது இருக்கிறது, அரசு உதவியைக் கூட்டியிருக்கிறது" என்று எழுதுவார். கடற்கரையில் நடந்தது நேரெதிர்.

இதைக் கணக்கிட வழி விலை வித்தியாச முறைதான்: உள்ளூர் விற்பனை விலைக்கும், இறக்குமதி செய்து கரையேற்ற ஆகும் செலவுக்கும் இடையிலான வித்தியாசம், அதைக் கடற்றொழிலுக்குப் போன லீற்றரால் பெருக்குவது. மேலே 340ஐ வைத்துக் கணக்குப் பார்த்தது புரிவதற்காக மட்டும். சரியான கணக்குக்கு அந்தந்த மாதத்தின் இறக்குமதி விலை வேண்டும். அதோடு மலையகத்தில் அடுப்புக்கும் விளக்குக்கும் போன மண்ணெண்ணெயைக் கழிக்க வேண்டும். மொத்த விற்பனை முழுவதையும் கடலில் கொட்டிவிடாதீர்கள்.

மற்ற நாட்டிலும் இதே மாதிரிதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் கடல், மீன்பிடி நிதியம் 2021 முதல் 2027 வரை 6.1 பில்லியன் யூரோ. அந்த நிதியத்தை மட்டும் எடுத்தால் ஒரு பெரிய சலுகை விடுபட்டுவிடும்: ஒன்றியத்தின் கடலில் தொழில் செய்யும் படகுகளின் எரிபொருளுக்கு வரி இல்லை. இது 2003ஆம் ஆண்டின் எரிசக்தி வரி நெறிமுறையில் இருக்கிறது. மீன்பிடி நிதியத்தில் இல்லை. தமிழ்நாட்டிலும் விசைப்படகுகளுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் உண்டு. வசூலிக்காமல் விட்ட வரியும் செலவுதான்.

இன்னொன்று, பிறர் கடலுக்காகக் கட்டும் பணம். ஐரோப்பிய ஒன்றியம் தன் படகுகள் மொரிட்டேனியாக் கடலில் பிடிப்பதற்காக வருடத்துக்கு 57.5 மில்லியன் யூரோ கட்ட 2021இல் ஒப்புக்கொண்டது. படகு உரிமையாளர் கட்டும் கட்டணம் இதற்கு வெளியே. ஆகவே இது அந்தப் படகுகளுக்குப் பொதுப்பணத்திலிருந்து போகும் உதவிதான்.

உதவிப் பணத்தையும் கவனியுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு உதவி அமைப்புகள் நேரடியாகப் படகு கொடுத்தன. அது எந்த மதிப்பீட்டுப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய பின் கடற்றொழிலாளருக்குக் கிடைத்தது நட்டஈடு, மானியம் அல்ல. திறைசேரி வழியாக வந்தது என்பதற்காக அதை உதவிக் கணக்கில் சேர்ப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

நான்காம் படி: மற்ற நாட்டின் பெரிய எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

இப்போது என் பிழைக்கு வருகிறேன். இந்தியாவின் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா என்ற மீன்வளத் திட்டம் 2020இல் அறிவிக்கப்பட்டபோது சொன்ன தொகை 20,050 கோடி இந்திய ரூபாய். நான் எடுத்து வைத்தது இதைத்தான். அதற்குள் என்ன இருக்கிறது? மத்திய அரசின் பங்கு 9,407 கோடி. மாநிலங்களின் பங்கு 4,880 கோடி. மீதி 5,763 கோடி பயனாளிகள் தாங்களே போட வேண்டியது. ஆக, அரசுப் பணம் 14,287 கோடி. அது 2020-21 முதல் 2024-25 வரை ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 2,857 கோடி. அதுவும் திட்டமிட்ட தொகை, செலவான தொகை அல்ல. அதில் உள்நாட்டு மீன்வளர்ப்புக் குளங்களும் அடங்கும்; பாக்கு நீரிணைக்கு வரும் படகுகளுக்கும் அந்தக் குளங்களுக்கும் சம்பந்தம் இல்லை.

நான் வைத்ததோ, ஐந்து வருடத்து அறிவிப்பை நம் ஒரு வருட ஒதுக்கீட்டுக்குப் பக்கத்தில். பாதிக்கு மேல் பிழை அங்கேயே வந்துவிட்டது.

ஒவ்வொரு பெரிய எண்ணிடமும் நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை வருடத்துக்கு? இதில் அரசுப் பணம் எவ்வளவு, கடனும் பயனாளி பங்கும் எவ்வளவு? கடலா, குளமா? அறிவித்ததா, செலவானதா? கூட்டாட்சி நாடு என்றால் ஐந்தாவதாக ஒன்று: மத்திய அரசு மாநிலத்துக்குத் தந்த பணம் இரண்டு புத்தகத்திலும் வருகிறதா? வந்தால் ஒருமுறைதான் எண்ண வேண்டும்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி. மீன்வளத் துறை தன் வருடச் செலவுக்குச் சட்டசபையில் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையோடு வரும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது. தடைக்கால நிவாரணம், டீசல், படகு மானியம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கொடுக்கும் நிவாரணத்தை எந்த நிரலில் போடுவீர்கள்? தொழிலை நிறுத்தக் கொடுப்பதால் நான் மீனைக் காக்கும் நிரலில் போடுவேன்.

அதைவிடச் சிக்கலானது 2017இல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டம். பாக்கு நீரிணையில் இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) போடும் 2,000 படகுகளை நீக்கி, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகளாக மாற்ற 1,600 கோடி. ஒரு படகுக்கு 80 லட்சம்: மத்திய அரசு 40, மாநிலம் 16, வங்கிக் கடன் 16, உரிமையாளர் 8. பொதுப்பணம் 56 லட்சம். இது பிடிக்கும் திறனைக் கூட்டும் பணமா, குறைக்கும் பணமா? ஒரு ரோலர், அதாவது இழுவைமடிப் படகு, உண்மையாகவே கடலை விட்டுப் போனால் நம் பக்கத்து வலைகளுக்கு அது பெரிய நிம்மதி. ரோலர் போகாமல் புதுப் படகும் வந்தால் இரட்டிப்பு. ஆகவே திட்டத்தின் பெயரைப் பார்த்து நிரலைத் தீர்மானிக்காதீர்கள். எத்தனை ரோலர் பதிவிலிருந்து நீங்கியது என்ற எண் கிடைக்கும்வரை சந்தேக நிரலிலேயே இருக்கட்டும். இலங்கை இழுவைமடித் தொழிலை 2017 ஜூலையில் சட்டத்தால் தடை செய்தது. அதைக் கண்காணிக்கும் செலவு நம் பக்கம் விழுகிறது, அதில் ஒரு பகுதி கடற்படைக் கணக்கில்.

நோர்வேயையும் ஒரு வரியில் வையுங்கள். 1964 ஒப்பந்தத்தின்படி அந்த அரசு மீன்பிடிக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டது. பிறகு படிப்படியாகக் குறைத்து, 1990களில் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஒரு நாட்டின் இன்றைய சின்ன எண்ணுக்குப் பின்னால் நேற்றைய பெரிய எண் இருக்கலாம். அன்றைய பணத்தில் கட்டிய படகும் துறைமுகமும் இன்னும் வேலை செய்கின்றன.

ஐந்தாம் படி: தயார் நிலைத் தரவுகளை எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள்

ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு) மீன்பிடி ஆதரவு மதிப்பீட்டுத் தரவுத்தளம் ஒன்று வைத்திருக்கிறது. 2018 முதல் 2020 வரை 40 நாடுகள் வருடத்துக்கு 10.4 பில்லியன் டொலர் தந்ததாக அது சொன்னது. மேலே நாம் பார்த்த எண் 35.4 பில்லியன். யார் பொய் சொல்கிறார்கள்? யாருமில்லை. ஓஈசிடி பெரும்பாலும் அரசுகள் தாங்களே தந்த கணக்கைத் தொகுக்கிறது. பல்கலைக்கழக ஆய்வு 152 நாடுகளை எடுத்து, கணக்குக் கிடைக்காத இடத்தில் மதிப்பிட்டு நிரப்புகிறது. எரிபொருள் வரிச் சலுகையைக் கையாளும் விதமும் வேறு. ஒரு நாட்டுக்கு ஒன்றும் மறு நாட்டுக்கு மற்றொன்றும் என்று கலந்து எடுத்தால் ஒப்பீடு செத்துவிடும்.

சர்வதேச நாணய நிதியத்தின் அரச நிதிப் புள்ளிவிவரங்களில் "விவசாயம், காடு, மீன்பிடி, வேட்டை" ஒரே குழு. மீன்பிடி தனியாக உள்ளே இருந்தாலும் பல நாடுகள் அந்த ஆழத்துக்குப் பிரித்துத் தருவதில்லை. மீன்பிடி ஆராய்ச்சி வேறொரு எண்ணின் கீழ் போகிறது. நம் வேலைக்கு இது அதிகம் உதவாது.

உலக வர்த்தக தாபனத்தின் மீன்பிடி மானிய உடன்படிக்கையைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். 2022 ஜூன் 17இல் ஜெனீவாவில் ஏற்றுக்கொண்டது, 2025 செப்டெம்பர் 15இல் அமலுக்கு வந்தது. சட்டவிரோத மீன்பிடிக்கும், அளவுமீறிப் பிடிக்கப்பட்ட மீன் கூட்டங்களுக்கும், யாரும் ஒழுங்குபடுத்தாத சர்வதேசக் கடற்பரப்புக்கும் மானியம் கொடுப்பதைத் தடுக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அதில் இன்னொரு நன்மை: மானியம் தரும் நாடு எந்த வகை மீன்பிடிக்கு என்றும், அந்த மீன் கூட்டத்தின் நிலை, படகுத் திறன், பிடித்த அளவு ஆகியவற்றையும் அறிவிக்க வேண்டும்.

ஆறாம் படி: வருடமும் நாணயமும்

இலங்கையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, இந்தியாவுக்கும் யப்பானுக்கும் ஏப்ரலில், பங்களாதேஷுக்கு ஜூலையில், அமெரிக்காவுக்கு ஒக்டோபரில். ஒரு வருடத்தை மட்டும் எடுக்காமல் மூன்று வருடச் சராசரி எடுத்தால் இந்தக் குழப்பம் அடங்கும். துறைமுகம் கட்டிய வருடத்தில் தொகை துள்ளுவதும் அடங்கும்.

நாணயம்தான் கடினம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். மே மாதம் 360 அளவில். ரூபாயில் ஒரு சதமும் குறைக்காத செலவு, டொலரில் மாற்றினால் நாற்பது சதவீதத்துக்கு மேல் விழுந்த மாதிரித் தெரியும். அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. ஆகவே இலங்கைக்கு 2022ஐ அடிப்படை வருடமாக எடுக்கவே வேண்டாம். அந்தந்த வருடத்தின் சராசரி மாற்று விகிதத்தை மத்திய வங்கியிலிருந்து எடுங்கள். டொலர்க் கணக்கோடு கொள்வனவுத் திறன் கணக்கையும் (அந்தப் பணம் அந்தந்த நாட்டில் எவ்வளவு வாங்கும் என்பதை வைத்து மாற்றுவது) பக்கத்தில் போடுங்கள். சம்பளத்துக்கும் நிவாரணத்துக்கும் பின்னது பொருந்தும். எஞ்சின், எரிபொருள், வலை நூல் எல்லாம் டொலரில் வாங்குபவை, அவற்றுக்கு முன்னதுதான்.

ஏழாம் படி: எதனால் வகுப்பது

மொத்தத் தொகையை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தினால் பெரிய நாடு மேலே வரும், அவ்வளவுதான். பிடித்த தொன்னால் வகுக்கலாம்: 2018இல் உலகக் கடல் பிடிப்பு 84.4 மில்லியன் தொன், ஆகவே 35.4 பில்லியனை வகுத்தால் தொன்னுக்கு ஏறக்குறைய 420 டொலர். இது நல்ல அளவுகோல். உங்கள் நாட்டு எண் இதற்கு மேலா கீழா என்று உடனே பார்க்கலாம்.

தொழிலாளர் எண்ணிக்கையால் வகுப்பதில் கவனம் வேண்டும். நோர்வேயில் பதிவான கடற்றொழிலாளர் பத்தாயிரம் சொச்சம். இந்தியா சொல்லும் எண் 2.8 கோடி, ஆனால் அதில் மீன் வளர்ப்பவர்களும் சேர்த்தி. கரையில் வலை பின்னும், கருவாடு போடும் பெண்களை ஒரு நாடு எண்ணும், மறு நாடு எண்ணாது. கரையிறக்கிய மீனின் பெறுமதியால் வகுப்பதுதான் எனக்கு நம்பிக்கையானது: நூறு ரூபாய் மீனுக்கு அரசு எத்தனை ரூபாய் போடுகிறது என்று வாசகருக்கும் சட்டென்று புரியும். ஆனால் எல்லா நாட்டுக்கும் கரைவிலையையே எடுங்கள். பேலியகொடைச் சந்தை விலையை ஒரு நாட்டுக்கும் கரைவிலையை மறு நாட்டுக்கும் எடுத்தால் இடைத்தரகரின் லாபமும் கணக்குக்குள் வந்துவிடும்.

எழுதும்போது

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூன்று சொல் போதும்: ஒதுக்கியதா செலவானதா, எந்த வருடம், யார் தந்த கணக்கு. மதிப்பீட்டை மதிப்பீடு என்றே எழுதுங்கள். தெரியாத கட்டத்தில் பூச்சியம் போடாதீர்கள், வெறுமையாக விடுங்கள். பூச்சியம் என்றால் அந்த அரசு கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

திருத்திய தாளை மாமாவிடம் கொண்டுபோனேன். வரி வரியாக வாசித்துக் காட்டினேன். மண்ணெண்ணெய் வரிக்கு வந்தபோது தலையை ஆட்டினார். ஆழ்கடல் திட்டத்தில் இரண்டு முறை நிறுத்தி, 56 லட்சத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். கடைசியில் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. ரோலர் அறுத்த எங்கட வலையின்ர கணக்கு இதில எந்தப் பெட்டிக்குள்ள கிடக்கு?"

அது எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை. அரசு செலவழிக்காத ஒன்று அரசுச் செலவு ஒப்பீட்டில் வராது. அதனால் அதே எக்ஸெலில் இரண்டாவது தாள் ஒன்று திறந்திருக்கிறேன், கூட்டுத்தொகையோடு சேராமல்: மாவட்டம், திகதி, அறுந்த வலை எத்தனை, புது வலையின் விலை, கிடைத்த நட்டஈடு. பருத்தித்துறைச் சங்கத்தில் இருக்கும் தன் பழைய கூட்டாளிக்கு மாமா அன்று இரவே போன் எடுத்தார். முதல் பதினோரு வரி வந்திருக்கிறது.